கழுவாத திராட்சை

பையை அந்தக் கூடை மேல வைக்காத தாயி. மடியில வச்சுக்கோ, இல்லேன்னா எங்கிட்ட கொடு, நான் வச்சுக்கிறேன். கூடையை மட்டும் தொடாத. உள்ள ஒண்ணும் பெருசா இல்ல, பழந்தான். திராட்சை. கம்பத்துக்காரி திராட்சையைச் சேலைத்துணி போட்டு மூடிக் கொண்டு போறாளேன்னு பார்க்கிறியா? பாரு, எனக்கென்ன.

மதுரைக்கா நீ? பாங்குல வேலையா? நல்லதாப் போச்சு. நான் ஏர்போர்ட்டுக்குப் போறேன். ஆரப்பாளையத்துல இறங்கி ஆட்டோ பிடிக்கணும். என் சம்பந்தி வர்றா. இத்தாலியில இருந்து.

சிரிக்காத, மெய்யாத்தான். எனக்கு இத்தாலிக்காரி சம்பந்தி. பேரு ஓர்னெல்லா. அவளை மாதிரி ஒரு நெஞ்சழுத்தக்காரியை நான் பார்த்ததில்ல. நான் யாரையும் வைய மாட்டேன். எங்க ஊர்ல யாரை வேணா கேளு, மிக்கேலம்மாள் வாயில இருந்து ஒரு சுடுசொல் வந்திருக்கான்னு. காலையில பூசை, சாயந்தரம் செபமாலை. அந்த செபமாலையிலயும் கடைசிப் பத்து மணி உருட்டுறதை எட்டு வருசமா அவளுக்குத்தான் ஒப்புக்கொடுக்கிறேன். 'ஆண்டவரே, அந்தப் பொம்பளைக்குக் கொஞ்சம் நல்ல புத்தியைக் கொடும்'னு. இது வையறதா? செபம்.

வேன் வச்சு எல்லாரும் காலையிலேயே போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சிங்கராயர், மகள் பவுலின், அவ புருசன், பிள்ளைக. நான் வரமாட்டேன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டேன்.

"அடியே, பேத்தியை எட்டு வருசம் கழிச்சுப் பார்க்கப் போற. சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கியே"ன்னார்.

"பேத்தி வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கிறேன். கூட வர்றவளை எதிர்கொண்டு அழைக்க எனக்குக் காலு வராது"ன்னேன்.

"உனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. வீம்புதான் வாதமாப் பிடிச்சிருக்கு"ன்னுட்டுப் போயிட்டார். வேன் சத்தம் தேயுற வரைக்கும் கிடந்தேன். அப்புறம் எந்திருச்சுத் தோட்டத்துக்குப் போயிட்டு, இந்தா, பஸ் ஏறிட்டேன். ஏன் ஏறினேன்னு நீ கேட்பே. முதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்கு அவளைப் புரியும்.

எனக்கு ரெண்டு பிள்ளைக. மூத்தவ பவுலின், இளையவன் இன்னாசி. அவன் வயித்துல இருக்கும்போதே நேர்ந்துக்கிட்டேன், ஆம்பளப் பிள்ளையாப் பொறந்தா சாமியாருக்கு விடுறேன்னு. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு சாமியார், இல்ல ஒரு கன்னியாஸ்திரி உண்டு. என் வீட்ல மட்டும் அந்த நாற்காலி காலி. அவனும் சந்தோசமாத்தான் குருமடத்துக்குப் போனான். மேல்படிப்புக்கு இத்தாலிக்கு அனுப்பினாங்க. கொட்டடிச்சு ஊரே வழியனுப்புச்சு. போனவன் லீவுல ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருக்கான். நம்ம தோட்டம் நினைப்பு வந்துச்சாம். பூசையில திராட்சை ரசத்தை ஏந்த வேண்டிய கை தாயி. ரசம் பிழியுற வீட்டிலேயே மாப்பிள்ளையா உட்கார்ந்திருச்சு.

மருமகள் சில்வியா மேல எனக்கு வருத்தமில்ல. சின்னப் பிள்ளை. தமிழ் கத்துக்கிட்டு, "அத்த, சாப்ட்டிங்களா"ன்னு போன்ல கேட்பா. எனக்கு ஆத்தாக்காரி மேலதான். குருமடத்துப் பையன் வேலைக்கு வந்தா, வேலையை வாங்கிட்டு அனுப்பி வைக்கிறதா, மகளுக்குப் பக்கத்துல உட்கார வச்சு ரெண்டாம் தடவையும் பரிமாறுறதா? நீயே சொல்லு. நான் கர்த்தருக்குக் கொடுத்ததை நடுவுல நின்னு அவ வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான்.

பேத்தி பொறந்தப்போ போனேன். லூச்சியான்னு பேரு வச்சாங்க, நான் லூசியம்மான்னு கூப்பிடுவேன். புரட்டாசி கடைசி. மூணு மாசத்துக்கு விசா. வெரோனான்னு ஊரு. அதுக்கு மேல மலைச்சரிவு, அதுக்குப் பேரு வல்போலிச்செல்லா. என் வாயில அது நுழையறதுக்குள்ள ஊருக்குத் திரும்ப வேண்டியதாப் போச்சு.

முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பிச்சிட்டா. நம்ம வீடுகள்ல கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவோம். பன்னீர் திராட்சை, சீனி, கிராம்பு, பட்டை, ஒரு கை கோதுமை. பீங்கான் ஜாடியில போட்டுத் துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால கிண்டி விடணும். பாகு மாதிரி இனிக்கும். அந்த நினைப்புல ஒரு வாய் குடிச்சேன். ஆத்தாடி, கசப்பு! நிலவேம்புக் கசாயம் தோத்துச்சு. நான் மூஞ்சியைச் சுளிச்சதைப் பார்த்து அவ சிரிச்சா. பேறுகாலம் பார்க்கக் கடல் தாண்டி வந்தவளுக்குக் கசாயத்தை ஊத்திட்டுச் சிரிக்கிறா.

"அம்மா, இது அமரோனே. இந்த வீட்லயே ஒசத்தியானது. பெரிய மனுசங்க வந்தாத்தான் அத்தை இதைத் திறப்பாங்க"ன்னான் இன்னாசி. இருந்துட்டுப் போகட்டும். ஒசத்தின்னா கசப்பு இனிச்சிருமா?

நீ கேட்கலேன்னாலும் சொல்றேன், ஒரே திராட்சையில நாலு விதம் போடுறா. பறிச்ச கையோட பிழிஞ்சா ஒண்ணு. இளசு. சாப்பாட்டோட லேசாக் குடிக்கிறது. மத்ததுக்கு, நல்ல கொத்தாப் பொறுக்கிப் பரண்ல தட்டுத்தட்டா அடுக்கி, நூறு நாள் காத்துல வாட விடுவா. நம்ம பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற மூங்கில் தட்டு இருக்குல்ல, அச்சு அசல் அதுதான். வாடின பழத்தைப் பிழிஞ்சு, புளிச்சுக்கிட்டு இருக்கும்போதே பாதியில நிறுத்தினா இனிப்பு நின்னுரும். அது ரெச்சோத்தோ, விசேச நாளுக்கு. நிறுத்தாம விட்டுட்டா, இருக்கிற இனிப்பையெல்லாம் அதுவே தின்னு தீர்த்துட்டுக் கசந்துரும். அதுதான் அமரோனே. கடைசியா அந்தச் சக்கை. அதைத் தூக்கிப் போட மாட்டா. முதல்ல பிழிஞ்ச இளசை அது மேல ஊத்தி ஊற விடுவா. அது ரிப்பாஸ்ஸோ. கறிக்குழம்புச் சட்டியில சோத்தைப் போட்டுப் பிரட்டித் திங்கிறோமே, அதேதான். இதுக்கு இத்தாலிப் பேரு ஒரு கேடு.

இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கேனேன்னு பார்க்கிறியா? எதிராளி வீட்டுச் சங்கதி தெரிஞ்சிருக்கணும் தாயி. எட்டு வருசமா இன்னாசிகிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

என்ன, ஆண்டிபட்டியா? ஆமா, கணவாய்க் காத்து. கூடையை இப்படி என் காலுக்கு நடுவுல தள்ளு. மெதுவா. குலுங்கக் கூடாது.

அந்த வீட்ல நான் என்ன செஞ்சாலும் அவ திரும்பச் செய்வா. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சு, காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டப் போனேன். பத்து நிமிசத்துல பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் அந்த எண்ணெயைச் சோப்பு போட்டு எடுத்துட்டா. சாம்பிராணியைக் கண்டதும் சன்னலைத் திறந்து விட்டா. நான் தட்டைக் கழுவி அடுக்கினா, அடுக்கினதை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டுத் திரும்பக் கழுவுவா. என் கண்ணு முன்னாடியே! ஒரு வார்த்தை பேச மாட்டா. பேசினாலும் எனக்குப் புரியாது, அது வேற. ஆனா கழுவுற சத்தத்துக்குப் பாஷை வேணுமா?

அந்தப் பரண்ல பன்னண்டு தட்டுக்கு மட்டும் ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தா. அது அவங்க குடும்ப வழக்கமாம். பொம்பளப் பிள்ளை பொறந்தா, அந்த வருசத்துப் பழத்துல பன்னண்டு தட்டை ஒதுக்கித் தனிப் பீப்பாய்ல இனிப்பு ஒயின் போட்டு வைப்பாங்களாம். அந்தப் பிள்ளை முதமுதல்ல நற்கருணை வாங்குற புதுநன்மை அன்னைக்கு ஒரு பாட்டில் திறக்கிறது, மிச்சம் கலியாணத்துக்கு. சில்வியாவுக்கு இவ கட்டினாளாம். இவளுக்கு இவ ஆத்தா கட்டினாளாம். ரிப்பனைக் காட்டிக் காட்டிச் சொல்றா, பெரிய சீர்வரிசை கணக்கா.

ஒரு நாள் பிள்ளைக்கு ஊசி போடுறதுக்கு எல்லாரும் கிளம்பிப் போனாங்க. கார்ல எனக்கு இடமில்லையாம். வீட்ல நான் மட்டும். செபமாலை சொல்லி முடிச்சேன். பொழுது போகல. பரணுக்கு ஏறிப் பார்த்தேன். பழமெல்லாம் சுருங்கிக் கறுத்து, மேல சாம்பலைத் தூவின மாதிரி வெள்ளையாப் படிஞ்சு கிடந்துச்சு. விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன். ஒட்டுச்சு. மருந்து!

நீ பாங்குல இருக்கிறவ, உனக்குத் தெரியாது. நம்ம பள்ளத்தாக்குல மருந்து அடிக்காத திராட்சை கிடையாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சு, சந்தைக்குப் போற கொத்து நீலம் பாரிச்சுக் கிடக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்ட தண்ணியில மூணு தடவை அலசாம ஒரு பழத்தை என் பிள்ளைக வாயில வைக்க விட்டதில்ல. அங்க பார்த்தா, பச்சைப் பிள்ளை பேருக்குன்னு ரிப்பன் கட்டின தட்டுலயே அவ்வளவு மருந்து. சாப்பிடுற தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவுறவளுக்குப் பழத்தைக் கழுவத் தோணலை!

பன்னண்டு தட்டையும் ஒவ்வொண்ணா இறக்கினேன். என் வயசுக்கு அந்த ஏணிப்படியில இருபத்திநாலு தடவை. குளியல் தொட்டியில தண்ணி விட்டேன். உப்பு, நான் கொண்டு போயிருந்த மஞ்சள் பொடி. மூணு தண்ணி. வேர்த்துப்போச்சு. எல்லாப் படுக்கை விரிப்பையும் எடுத்து ஹீட்டர் பக்கத்துல விரிச்சுப் பரப்பினேன். தொட்டி முழுக்க மஞ்சளாப் போச்சு, அதையும் தேய்ச்சுத்தான் வச்சேன். நல்லதுதானே செஞ்சேன்? செய்யாதேன்னு யாராவது சொன்னாங்களா?

சில்வியா ஒரு நாள் சொன்னாதான். "அத்த, அம்மா இல்லாம மேல போகாதிங்க"ன்னு. படி செங்குத்தா இருக்கு, விழுந்துருவேன்னு சொல்றான்னு எடுத்துக்கிட்டேன்.

அவ வந்தா. கதவுகிட்டயே நின்னுட்டா. கையில பிள்ளை. பிள்ளையைச் சில்வியாகிட்ட கொடுத்துட்டு மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்தா. விரலால தடவினா. மேல நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டா, "பெர்கே?"

'ஏன்'னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையில அது ஒண்ணு. கத்தலை. அழலை. அந்த ஒரு வார்த்தைதான்.

"மருந்து"ன்னேன் தமிழ்ல.

இன்னாசி தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். "அம்மா, அது மருந்து இல்லம்மா. பழத்தோடயே வர்ற பூச்சு. ஒயினைப் புளிக்க வைக்கிற உயிரே அந்த வெள்ளையிலதான் இருக்கு. காயப் போட்ட பழத்துல தண்ணி பட்டா அழுகிரும்மா. நீ தோட்டக்காரிதானே?"ன்னான்.

பெத்தவளைப் பார்த்து, சம்பந்தி முன்னாடி, அப்படிக் கேட்டான்.

அப்புறம் மூணு நாள் அவ அந்த விரிப்பு முன்னாடியே உட்கார்ந்திருந்தா. சின்னக் கத்தரி வச்சுக்கிட்டு, கெட்டுப்போன பழத்தை ஒவ்வொண்ணா நறுக்கி எடுத்தா. நானும் போய்ப் பக்கத்துல உட்கார்ந்து இன்னொரு கத்தரியை எடுத்தேன். என் கையில இருந்து அதை வாங்கி வச்சுட்டா. பிடுங்கலை, மெதுவா வாங்கி வச்சா. பிடுங்கியிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன். சாயந்தரம் பரணுக்குப் பூட்டு. சாவி அவ ஏப்ரன் பையில. நடக்கும்போது அது கிலுகிலுன்னு கேட்கும்.

நாப்பதாவது நாள் டிக்கெட்டை மாத்தி எனக்கு அனுப்பி வச்சான் இன்னாசி. "நீயும் நிம்மதியா இல்ல, அவங்களும் நிம்மதியா இல்ல"ன்னான். கிளம்பும்போது அவ ஒரு பொட்டலம் கொண்டாந்து நீட்டினா. வழியில சாப்பிட ரொட்டி. நான் வாங்கலை. அவ கை நீட்டினபடியே இருந்துச்சு, நான் காருல ஏறிட்டேன். வேற எந்தப் பொம்பளையா இருந்தாலும் முகத்துல விட்டெறிஞ்சிருப்பா. நான் சாந்தமாத்தான் இருந்தேன்.

அப்புறம் என்னைக் கூப்பிடலை. கூப்பிட்டாங்க, ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நான் போகலை. அவங்களுக்கும் வர வாய்க்கலை. பேத்தியைப் போன்லதான் பார்த்தேன். பல் முளைச்சதையும் போன்லதான் பார்த்தேன், விழுந்ததையும் போன்லதான் பார்த்தேன். இப்ப எங்க கோவில்ல அதுக்குப் புதுநன்மை. வர்ற ஞாயித்துக்கிழமை. அதுக்குத்தான் வர்றாங்க.

சரி, வரட்டும்னுதான் இருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். போன வாரம் இன்னாசி போன்ல ஒரு குண்டைப் போட்டான்.

"அம்மா, அத்தை அந்தப் பாட்டிலைக் கொண்டு வர்றாங்க. விருந்துல எல்லார் முன்னாடியும் திறக்கணுமாம்."

"எந்தப் பாட்டில்?"

"நீ கழுவின பழம்மா. மிஞ்சினதைப் போட்டாங்கல்ல. இனிப்பு நிக்கலை, கசந்துபோச்சு. அத்தை அதைக் கொட்டலை. எட்டு வருசமா வச்சிருந்து இப்பத்தான் பாட்டில்ல ஊத்தினாங்க. பாட்டில் மேல பேரு எழுதுறது வழக்கம், போட்டவங்க பேரு. அவங்க பேரையும் உன் பேரையும் எழுதியிருக்காங்க. பாதி வேலை உன்னோடதுன்னு சொல்றாங்க."

பார்த்தியா! குத்திக் காட்டுறதை எவ்வளவு அழகாச் செய்யுறா பார்த்தியா! நான் செஞ்ச தப்பைப் பாட்டில்ல அடைச்சு, பேரெழுதி ஒட்டி, கடல் தாண்டித் தூக்கிட்டு வந்து எங்க ஊர்ச் சனம் முன்னாடி திறப்பாளாம். பவுலின் புருசன் வீட்டுச் சனம், பங்குச்சாமியார், அத்தனை பேருக்கும் ஊத்துவாளாம். 'இது ஏன் கசக்குது?'ன்னு ஒருத்தராவது கேட்பாங்கல்ல? அப்ப என்னைக் காட்டுவா.

"பாட்டில் வந்தா நான் வீட்ல இருக்க மாட்டேன்"ன்னேன்.

"அம்மா, அது நல்லாயிருக்கும்மா. அத்தை போட்டதுலயே இதுதான் ஒசத்தின்னு அவங்களே சொல்றாங்க"ன்னான். அவன் அந்தப் பக்கம். அவன் எப்பவோ அந்தப் பக்கம்.

அதான் சுவத்தைப் பார்த்துப் படுத்தேன். புரிஞ்சுச்சா?

தண்ணி வச்சிருக்கியா தாயி? ஒரு வாய் கொடு.

உசிலம்பட்டி வந்திருச்சு. உனக்கு ஒண்ணு சொல்றேன். நீ முகந்தெரியாதவ, இனிமே உன்னைப் பார்க்கப் போறதில்ல. ஊருக்கு வந்த கையோட பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, தெரியாம சம்பந்தி வீட்டுத் திராட்சையைக் கழுவிட்டேன்"ன்னேன். சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியலை. "தெரியாமச் செஞ்சது பாவமில்லம்மா, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்க, போதும்"ன்னார். சொன்னேன். ஒண்ணுக்குப் பத்தாச் சொன்னேன். எட்டு வருசமாச் சொல்றேன். போக மாட்டேங்குது.

தெரியாமன்னு சொன்னேன் பாரு, அங்கதான்.

முதல் தட்டு கழுவும்போது தெரியாது. சத்தியமாத் தெரியாது. மூணாவது தட்டுல பழம் ஊறிப்போய்த் தோல் கையில வழுக்குச்சு. நாப்பது வருசம் பந்தலுக்குக் கீழ நின்னவ நான். பழுத்த கொத்துல ஒரு மழை விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுபோச்சு. அங்கயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. 'நான் கழுவின சோத்துத் தட்டை அவ திரும்பக் கழுவினாள்ல'ன்னு ஒரு நினைப்பு. 'என் பிள்ளையை எடுத்துக்கிட்டாள்ல'ன்னு இன்னொரு நினைப்பு. மிச்சம் ஒன்பதையும் கழுவினேன். ஒவ்வொரு ரிப்பனையும் அவிழ்த்து, மடிச்சு வச்சுட்டுக் கழுவினேன்.

அவ "பெர்கே"ன்னு கேட்டதுக்கு நான் 'மருந்து'ன்னு சொன்னேன்.

அதுக்காக அவ நல்லவன்னு ஆயிருமா? ஆகாது. அவ நெஞ்சழுத்தக்காரிதான். அதுல மாத்தம் இல்ல.

போன தடவை கொடியைக் கவாத்து வெட்டினப்போ, கிணத்தோரம் நிக்கிற ஒரு கொடியைக் காட்டி, "இதுக்கு மருந்து அடிக்காதீங்க"ன்னேன் எங்க வீட்டுக்காரர்கிட்ட. குதிச்சார். "கோட்டி பிடிச்சிருச்சா? ஒரு கொடியில நோய் விழுந்தா பந்தலே போயிரும்டி"ன்னார். கிறிஸ்துமஸ் ஒயினுக்குன்னேன். அவர் மத்த கொடிக்கு மருந்து அடிக்கும்போதெல்லாம் நான் பழைய சேலையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கொடியை மறைச்சு நின்னேன். மருந்தெல்லாம் என் தலையிலதான். நூத்திருபது நாள். பாதியைச் செவட்டை நோய் தின்னுச்சு, பாதியைக் கிளி தின்னுச்சு. மிஞ்சினது ஏழே கொத்து. இன்னைக்குக் காலையில, அவங்க வேன்ல போனப்புறம், காம்பை மட்டும் பிடிச்சு அறுத்து இதுல அடுக்கினேன். ஒரு பழத்து மேலயும் கை படலை. வெள்ளைப் பூச்சு அப்படியே இருக்கு.

அவளுக்காக இல்ல. அப்படி நினைச்சுக்காத. எங்க மண்ணுலயும் அந்தப் பூச்சு வரும்னு அவளுக்குக் காட்டணும். அவ என்னமோ அவ மலையில மட்டும்தான் உயிர் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.

அவகிட்ட நான் பேச மாட்டேன். கூடையை நீட்டுவேன். அவ வாங்காம என் கையை அந்தரத்துல விட்டுட்டாலும் விடட்டும், எனக்கு அது வேணும். வாங்கினான்னா துணியை எடுத்துட்டுப் பார்ப்பா. விரலால தடவுவா, அந்தப் பழக்கம் அவளுக்குப் போகாது. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, அந்த ஒரே வார்த்தையைக் கேட்பா. கேட்கட்டும். இந்தத் தடவை மருந்துன்னு சொல்ல மாட்டேன். மூணாவது தட்டைச் சொல்லிருவேன். இன்னாசி அதை அவ பாஷையில சொல்லட்டும். எல்லார் முன்னாடியும். அதுக்கப்புறம் அவ பாட்டிலைத் திறக்கட்டும், திறக்காம போகட்டும். கசப்பு எப்படி வந்துச்சுன்னு அவ காட்டிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிருவேன்ல? அப்ப ஜெயிச்சது யாரு?

ஏன் தாயி கண்ணைத் துடைக்கிற? கணவாய்க் காத்து உனக்கும் பட்டிருச்சா.

ஆரப்பாளையம் வந்திருச்சா? அவங்க பிளேன் நாலு மணிக்குத்தான் வருது, நேரம் இருக்கு. நான் முதல்ல இறங்கிக்கிறேன். நீ கூடையை எடுத்துக் கொடு. அப்படி இல்ல, அடியில கை கொடுத்துத் தூக்கு. மேல தொட்டிராத.